நான்கு டிராஃப்ட், இரண்டு பேர்: கதை யாருக்குச் சொந்தம்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர், வக்கீலான எனக்கு ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு 34 வயது. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில்லிங் வேலை. நண்பர் ராயபுரத்துக்காரர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர், சில படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர். இருவரும் சேர்ந்து 2018லிருந்து ஒரு திரைக்கதை எழுதுகிறார்கள். கரு, வாசகரின் அப்பா. வட சென்னையில் இருந்த பி அண்ட் சி துணி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். 1996ல் மில் மூடிய பிறகு கொஞ்ச காலம் வீட்டிலேயே முடங்கிக் கிடந்து, பின்பு தெருமுனையில் ஒரு கேரம் போர்டு போட்டுப் பிள்ளைகளை ஆடவைத்தவர். இப்போது உயிரோடு இல்லை.

முதல் டிராஃப்ட்டை நான்கு லாங் சைஸ் நோட்டில் கையால் எழுதினார்கள். அடுத்த மூன்றையும் வேலை முடிந்து வந்து, ராத்திரி லேப்டாப்பில் தட்டச்சு செய்தவர் நம் வாசகர். ஒவ்வொரு டிராஃப்ட்டும் முடிந்து ஒரு வாரம் போனதும் நண்பர் அதே வார்த்தையைச் சொல்வாராம்: “மச்சான், இது சரியா வரல. எல்லாத்தையும் மூடி வெச்சிட்டு வெள்ளைப் பேப்பர்லருந்து ஆரம்பிக்கலாம்.” போன வருடம் ஒருபடி மேலே போய், நோட்டுகளையே பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்து வாசகர் ஓடியிருக்கிறார். கிலோ கணக்கில் காசு கொடுத்து மூன்று நோட்டை மீட்டார். நான்காவது கிடைக்கவில்லை.

இதற்கிடையில் சாலிகிராமத்தில் ஒரு தயாரிப்பு அலுவலகம் மூன்றாவது டிராஃப்ட்டைப் படித்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறது. “பவுண்டட் ஸ்கிரிப்ட் (பைண்டு செய்த முழுத் திரைக்கதை) எடுத்துக்கிட்டு வாங்க. பேப்பர்ஸ் ஒருத்தர் பேர்ல இருந்தா சுலபம்” என்றார்களாம். நண்பரோ, “மூணாவதை யாருக்கும் காட்டாதே. நான் அஞ்சாவதைத் தனியா எழுதிட்டிருக்கேன், பழசைத் திறந்துகூடப் பாக்கல” என்கிறார்.

வாசகர் கேட்பது இவை: எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தது நான், கதையும் என் அப்பாவுடையது, அதனால் மூன்றாவது டிராஃப்ட்டை என் பெயரில் பதிவு செய்யலாமா? நோட்டைத் தூக்கிப் போட்டவருக்கு அதில் இன்னும் உரிமை உண்டா? அவர் தனியாக எழுதும் ஐந்தாவது அவருடையதாகிவிடுமா? எனக்கு நானே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருக்கும் உறை போதுமா? கடைசியாக ஒரு வரி: “இவரோடு இன்னும் எழுதலாமா, விட்டுடலாமா மேடம்?”

தம்பி, உங்கள் கடிதத்தைவிட, அதோடு நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டு வந்த நோட்டில் ஒரு பக்கம். மேலே “சீன் 41, வீடு, உள், விடியல்” என்று இருக்கிறது. ஓரத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம். நீல மையில் உங்கள் கையெழுத்து. மில் சங்கு ஊதினால் தெருவே எப்படி எழுந்துகொள்ளும் என்று அப்பா பேசுகிற ஒன்பது வரி வசனம். அதன் மேல் குறுக்காக ஒரு பென்சில் கோடு. ஒன்பது வரியும் போய், மேலே பென்சிலில் ஒரே வரி: “சங்கு ஊதலன்னா பொழுது விடியாதா?” அதற்குக் கீழே, இடமில்லாமல் பொடி எழுத்தில், மறுபடி உங்கள் நீல மை: “நமக்கு விடியலையே.”

இந்தக் காட்சி யாருடையது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? என்னால் முடியவில்லை. ஒன்பது வரி இல்லாமல் அந்த ஒரு வரி வந்திருக்காது. அந்த ஒரு வரி இல்லாமல் உங்கள் பதில் வரி வந்திருக்காது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: கூட்டுப் படைப்பு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒத்துழைத்து உருவாக்கி, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி இருந்தால் அது கூட்டுப் படைப்பு என்கிறது பிரிவு 2. ஒருவர் பாட்டு எழுத, இன்னொருவர் மெட்டுப் போட்டால் இரண்டையும் தனித்தனியே எடுத்துவிடலாம். உங்கள் சீன் 41ஐ அப்படிப் பிரிக்க முடியாது.

தட்டச்சு செய்ததால் எழுத்தாளர் ஆகிவிட முடியாது

“ஒவ்வொரு எழுத்தும் என் விரலில் இருந்து வந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். பகல் முழுக்கப் பில் போட்டுவிட்டு ராத்திரி உட்கார்ந்து மூன்று முறை ஒரு முழுத் திரைக்கதையைத் தட்டச்சு செய்வது சாதாரண விஷயமில்லை. ஆனால் யார் விரல் பட்டது என்பதை வைத்துச் சட்டம் முடிவு செய்வதில்லை. சொற்களும் வடிவமும் யாருடைய மூளையிலிருந்து வந்தன என்றுதான் பார்க்கும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. மௌலானா ஆசாத்தின் தன்வரலாறு உருவான விதம் இது: மாலையில் ஆசாத் உருதுவில் பேசுவார். எழுத்தாளர் ஹுமாயூன் கபீர் குறிப்பெடுப்பார். ஓர் அத்தியாயத்துக்குத் தேவையானது சேர்ந்ததும் கபீர் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார். ஆசாத் படித்துத் திருத்துவார். 30 வருடம் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருந்த அதன் 30 பக்கங்களைத் திறக்கும் நேரத்தில் பிரச்சினை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பேசியவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர், இதில் யார் ஆசிரியர்? இருவரும்தான் என்றது நீதிமன்றம். இடைவிடாமல் சேர்ந்து யோசித்து, பேசி, திருத்தி உருவாக்கியது கூட்டுப் படைப்பு என்று முடிவானது.

ராத்திரி நீங்கள் தட்டச்சு செய்த காட்சிகளை அதற்கு முன் டீக்கடையில் இருவரும் பேசி முடிவு செய்தீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர் சொன்னதை நீங்கள் அப்படியே இறக்கவில்லை, உங்களுடையதையும் சேர்த்தீர்கள். அதனால் இருவரும் ஆசிரியர்கள். பங்கு இவ்வளவு என்று எழுத்தில் இல்லாதபோது பொதுவாகச் சரிபாதி என்றே வைத்துப் பேசுவார்கள்.

அப்பாவின் வாழ்க்கை

இந்த இடத்தில் கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்த விஷயங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, 1921ல் மில்லில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, பிறகு மில் மூடியது, இவை எல்லாருக்கும் பொதுவான வரலாறு. உங்கள் அப்பா மறுநாளும் விடியற்காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார் என்பது உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது ஒரு நிகழ்ச்சி. அதைக் காட்சியாக எழுதிய விதத்துக்குத்தான் சட்டத்தின் பாதுகாப்பு.

கருவும் அப்படித்தான். 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பஞ்சாபிக் குடும்பம், மதராஸிக் குடும்பம், நடுவே ஒரு காதல் என்று ஒருவர் நாடகம் எழுதியிருந்தார். பிறகு வந்த ஒரு படத்திலும் அதே மாநில வேற்றுமைதான் பொருள். நாடகாசிரியர் தோற்றார். கரு, பொருள், கதைப்போக்கு, வரலாற்று உண்மை இவற்றுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றது தீர்ப்பு. இரண்டையும் பார்த்தவருக்கு, இது அதன் நகல்தான் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தோன்ற வேண்டும். அதுதான் அளவுகோல். வியாசர்பாடியிலிருந்து போய் 2008ல் கேரம் உலகப் பட்டம் வென்றவர் இளவழகி. வட சென்னையில் கேரம் ஆடும் பெண்ணைப் பற்றி நாளைக்கு வேறொருவரும் படம் எடுப்பார், உங்களால் தடுக்க முடியாது. சீன் 41ஐ எடுத்தால் தடுக்கலாம்.

உங்கள் அப்பா தன் கையால் டைரியோ கடிதமோ எழுதி வைத்திருந்தால் அது வேறு. அந்த எழுத்தின் உரிமை அவர் வாரிசுகளுக்கு வரும். கடிதத்தில் அப்படி எதையும் நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பேப்பர் கடைக்குப் போன நோட்டும் பழசைப் பார்க்காமல் எழுதும் ஐந்தாவதும்

நோட்டைத் தூக்கிப் போட்டதால் நண்பர் உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்று நினைக்கிறீர்கள். இல்லை. நோட்டு ஒரு பொருள், அதில் எழுதியிருக்கும் படைப்பின் உரிமை வேறு. பதிப்புரிமையை ஆசிரியர் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் அதற்குரிய படிவத்தில் பதிப்புரிமைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும். கோபத்தில் கோணியில் போட்டுக் கொடுத்ததெல்லாம் அதில் சேராது. உங்களைக் கேட்காமல் அவர் அதைச் செய்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே சமயம், அந்தத் தவறு அவருடைய பாதியை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்காது.

இதன் மறுபக்கம் உங்களுக்குச் சாதகமானது. பழசைத் திறக்காமல் எழுதினால் ஐந்தாவது தனக்கு மட்டும் சொந்தம் என்று அவர் நினைத்தால், அதுவும் தப்புக் கணக்கு. நோட்டை மூடி வைத்தாலும் தலைக்குள் இருப்பதை மூடி வைக்க முடியாது. இத்தனை வருடம் நீங்கள் இருவரும் பேசிப் பேசி வடித்த பாத்திரங்கள், காட்சி வரிசை, வசனம் அதில் திரும்ப வந்தால் அது பழைய கூட்டுப் படைப்பிலிருந்து பிறந்ததுதான். மில் மூடியது, கேரம் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முற்றிலும் வேறு மனிதர்கள், வேறு காட்சிகளோடு ஒரு கதை எழுதினால் மட்டுமே அவர் அதைத் தனதென்று சொல்லலாம்.

இப்படிப்பட்ட வழக்குகளில் டிராஃப்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காட்சி வாரியாக அட்டவணை போடுவது என் வேலை. எத்தனை முறை முதலிலிருந்து ஆரம்பித்தாலும் சில காட்சிகள் தானாகத் திரும்பி வந்துவிடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். சங்கு ஊதாத காலை உங்கள் நான்கு டிராஃப்ட்டிலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு முறையும் வெள்ளைப் பேப்பர், நான்கு முறையும் அதே காட்சி. வழக்கு என்று வந்தால் அது சாட்சி. வழக்கே வராவிட்டாலும், உங்கள் கதை எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. இதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் பெயரில் மட்டும் பதிவு செய்யலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். பதிப்புரிமைப் பதிவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். சுலபமாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் படைப்பில் உரிமை கோரக்கூடிய எல்லாருக்கும் விண்ணப்பதாரர் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசமும் உண்டு. இன்னொருவரும் ஆசிரியர் என்று தெரிந்தே பதிவேட்டில் பொய்யான விவரம் ஏற வைத்தால் பிரிவு 67ன்படி அது குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எழுத்தாளர் ஆகப் போகிற நேரத்தில் உங்களுக்கு இது வேண்டாம்.

பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்பதும் தவறான எண்ணம். எழுதி முடித்த நிமிடமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவேடு முதல் நோக்கில் ஒரு சான்று, எதிர்ச் சான்று வந்தால் அதுவும் ஆட்டம் காணும். எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினர்கள் கதையைப் பதிந்து வைப்பதும் இந்தத் தேதியில் இது இருந்தது என்று காட்டத்தான். இருவர் பெயரிலும் இரண்டையும் செய்யுங்கள், நல்லதுதான்.

உங்களுக்கு நீங்களே அனுப்பிய தபால் உறைக்கு நம் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. அதைவிடப் பல மடங்கு நல்ல சான்று உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது: தேதியோடு கூடிய ஃபைல்கள், ஒருவருக்கொருவர் அனுப்பிய மெயில்கள், வாட்ஸ்அப்பில் அவர் காட்சியைச் சொல்லிச் சொல்லி அனுப்பிய குரல் பதிவுகள், பென்சிலும் நீல மையும் கலந்த அந்த மூன்று நோட்டு. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63ன்படி சான்றிதழ் தர வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது சிக்கலில்லாமல் முடியும். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். நண்பரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

தயாரிப்பு அலுவலகத்துக்கு

“ஒருத்தர் பேர்ல இருந்தா சுலபம்” என்பது அவர்களுக்குச் சுலபம். அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தில், இந்தக் கதைக்கு நான் ஒருவனே முழு உரிமையாளர், யாராவது உரிமை கோரினால் நஷ்டத்துக்கு நானே பொறுப்பு என்று ஒரு பிரிவு ஏறக்குறைய எப்போதும் இருக்கும். தனியாகக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு நண்பர் ஒரு நோட்டீஸ் அனுப்பியதும் தயாரிப்பாளர் உங்கள் பக்கம்தான் திரும்புவார். கூட்டுப் படைப்பில் ஓர் உரிமையாளர் மற்றவர் சம்மதமில்லாமல் வெளியாளுக்கு உரிமம் கொடுக்க முடியாது என்பதே நம் நீதிமன்றங்கள் எடுத்துள்ள நிலை. அதனால் அந்தக் கையெழுத்தால் அவர்களுக்கும் பெரிய பயன் இல்லை. விவரம் தெரிந்த தயாரிப்பாளர் இரண்டு கையெழுத்துதான் கேட்பார்.

நாளைக்கே அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: “திரைக்கதை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதியது. இருவருமாக வந்து சந்திக்கிறோம். தேதி சொல்லுங்கள்.” இவ்வளவு போதும். இதனால் வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. போகலாம்தான், போகாது என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் மறைத்து வாங்கும் அட்வான்ஸ் பிறகு வட்டியோடு திரும்பக் கேட்கப்படும். படம் வெளியாகும் வாரத்தில் தடையாணை வாங்க ஓடிவருபவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். தம்பு செட்டித் தெருவில் என் அறையில் உட்கார்ந்து அவர்கள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்று ஒரு நல்ல பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி அதை எடுத்துவிட முடியும், பெரும்பாலும் எடுத்தும் விடுகிறார்கள். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். உரிமையை விற்ற பிறகும் இதை எழுதியது நாங்கள் என்று பெயர் கேட்கும் உரிமை பிரிவு 57ன்படி உங்களிடமே இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டர் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் ராயல்டியில் பங்கு கேட்கும் உரிமையும் எழுத்தாளரை விட்டுப் போகாது.

முதலிலிருந்து எழுதலாமா?

இது வக்கீலிடம் கேட்கும் கேள்வி இல்லை என்று நீங்களே எழுதிவிட்டு, அப்புறம் கேட்டுவிட்டீர்கள். கேட்டது நல்லது. ஏனென்றால் உங்கள் சண்டையின் வேர் பெயரிலோ பணத்திலோ இல்லை, இங்கேதான் இருக்கிறது.

வெள்ளைப் பேப்பரிலிருந்து மறுபடி எழுதுவது எழுத்தாளர்கள் தெரிந்தே செய்யும் காரியம். பழைய டிராஃப்ட்டைத் திறந்து வைத்துத் திருத்தினால் பழைய வாக்கியங்கள் கையைப் பிடித்து இழுக்கும். மூடிவிட்டு எழுதினால் தேவையானது மட்டும் ஞாபகத்திலிருந்து வரும். உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தை மறுபடி படித்துப் பாருங்கள். “நாலாவதுல அக்கா கேரக்டர் வந்த பிறகு கதை வேற லெவலுக்குப் போயிடுச்சு, அது உண்மைதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். கோபத்தின் நடுவே தவறிப்போய் விழுந்த வரி போல இருக்கிறது. தயாரிப்பு அலுவலகம் படித்த மூன்றாவதில் அந்த அக்கா இல்லை. அப்படியானால் மூன்றாவதை விற்கத் துடிப்பது, அது நல்ல டிராஃப்ட் என்பதாலா, அல்லது இத்தனை வருடக் களைப்பினாலா? களைப்பு நியாயமானது. ஆனால் களைப்பை வைத்து ஒரு கதையை விலை பேசக் கூடாது.

நண்பரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நான்காவதை முடித்தபோது தெரியாத எது இப்போது தெரிந்ததால் ஐந்தாவதைத் தொடங்கினார்? இதற்கு அவரால் ஒரு பத்தி எழுத முடிந்தால் ஐந்தாவது தேவை. “எனக்கு ஃபீல் ஆகல” என்பதைத் தாண்டி ஒன்றும் வராவிட்டால், அவர் முடிப்பதற்குப் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். முடித்துவிட்டால் காட்ட வேண்டும், காட்டினால் ஒருவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். உதவி இயக்குநராக எத்தனை அலுவலகத்து வாசலில் அவர் காத்திருந்தார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல் கேளுங்கள்.

இருவரும் உட்கார்ந்து, நான்கு டிராஃப்ட்டிலும் திரும்பி வந்த காட்சிகளை மட்டும் தனியாக எழுதி எடுங்கள். பத்து வரலாம், பதினைந்து வரலாம். அவற்றில் இனி யாரும் கை வைப்பதில்லை. மீதி எல்லாவற்றையும் அவர் வெள்ளைப் பேப்பரில் எழுதட்டும், ஆனால் நாள் கணக்கு உண்டு. எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் வராவிட்டால் நான்காவதே இறுதி.

காகிதத்தில் ஏற்ற வேண்டியவை

இரண்டு பக்கம் போதும். முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் கட்டாயம் எழுதச் சொல்வது:

1. கதை, திரைக்கதை, வசனம் மூன்றிலும் யார் யார் பெயர், எந்த வரிசையில். “பாத்துக்கலாம் மச்சான்” என்று விட்டால் டைட்டில் கார்டு வரும் நாளில் நட்பு முறியும்.

2. பணத்தில் பங்கு. நண்பரே இயக்கினால் இயக்குநர் சம்பளம் தனி, எழுத்துக்கான பங்கு தனி.

3. இதுவரை எழுதிய நான்கும், இனி ஒருவரே தனியாக உட்கார்ந்து எழுதினாலும் இதே கதையின் எந்த டிராஃப்ட்டும், இருவருக்கும் பொது. எந்த டிராஃப்ட்டையும் இருவர் சம்மதம் இல்லாமல் அழிக்கவோ வெளியே காட்டவோ கூடாது. உங்கள் விஷயத்தில் உயிர்நாடி இந்தப் பிரிவுதான்.

4. ஒருவர் பாதியில் விலகினால் என்ன, ஒருவர் இறந்துபோனால் என்ன. பேசவே சங்கடமாக இருக்கும். ஆனால் கூட்டுப் படைப்பின் உரிமை கடைசியாக இறக்கும் ஆசிரியருக்குப் பிறகு 60 வருடம் நீடிக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும் விஷயம் இது.

5. தகராறு வந்தால் முதலில் இருவரும் மதிக்கிற ஒரு பெரியவர், அடுத்து சமரசம், கடைசியில்தான் கோர்ட். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே 2005லிருந்து சமரச மையம் இருக்கிறது.

அவர் கையெழுத்துப் போட மறுத்தால்? அப்போதும் தனியாக எதையும் விற்காதீர்கள், தனியாகப் பதிவும் செய்யாதீர்கள். நாம் இருவரும் கூட்டாசிரியர்கள், என் சம்மதமில்லாமல் எந்த டிராஃப்ட்டையும் யாருக்கும் தர வேண்டாம் என்று அவருக்கு ஒரு மெயில் மட்டும் மரியாதையாக அனுப்பிவிட்டு என்னிடம் வாருங்கள். நோட்டீஸ் அனுப்பும் அவசரம் இப்போது இல்லை.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விட்டால் இந்தக் கதையையும் சேர்த்து விட வேண்டிவரும். அவரில்லாமல் நீங்களோ, நீங்களில்லாமல் அவரோ இதை விற்க முடியாது. அதனால் பேசிப் பார்ப்பதற்கு முன்பே விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடுங்கள். வழக்கமான டீக்கடை வேண்டாம், உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பேப்பர் கடைச் சண்டையில் ஆரம்பிக்காதீர்கள், ஒப்பந்தத்திலும் ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் மூன்று நோட்டை மீட்டு வைத்திருப்பது அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே. அவற்றை எடுத்து வெளியே வையுங்கள், சீன் 41 இருக்கும் பக்கத்தைத் திறந்து.